ஒரு குழாய் ரத்தத்தில் எவ்வளவு தெரியும்?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரத்தப் பரிசோதனை பற்றியவை. சிலர் அறிக்கையைப் படம் பிடித்தே அனுப்பியிருக்கிறார்கள். பலருக்கும் பொருந்தும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, பெயர்களை விட்டுவிட்டு, சிங்கப்பூரில் வசிக்கும் பேட்டையை மட்டும் போட்டிருக்கிறோம்.

வேலையிடத்தில் ஓர் அக்கா, தனியார் மருந்தகத்தில் ஒரே ரத்தச் சோதனையில் பல வகைப் புற்றுநோய்களையும் பார்த்துவிட்டார். ஒன்றுமில்லை என்று வந்ததாம். இனி மார்பக எக்ஸ்ரே, மலச் சோதனை எதுவும் தேவையில்லை என்கிறார். எனக்கு வயது 53. நானும் அதையே செய்துகொண்டால் போதாதா?
வாசகி, ஈசூன்

போதாது. அக்காவுக்கும் போதாது.

சாகும் செல்கள் தங்கள் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக ரத்தத்தில் விட்டுப் போகின்றன. இந்தத் துண்டுகள் அதிக நேரம் தங்குவதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் துடைக்கப்பட்டுவிடும். நலமாக இருப்பவரின் ரத்தத்தில் மிதப்பவை பெரும்பாலும் ரத்த அணுக்களின் துண்டுகள். உடலில் கட்டி இருந்தால் அதன் துண்டுகளும் கலக்கும். டிஎன்ஏவின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் உறுப்புக்கு உறுப்பு வேறுபடுவதால், துண்டு எங்கிருந்து வந்தது என்றுகூட ஊகிக்க முடிகிறது. நுட்பம் அருமையானதுதான். ஆனால் கட்டி சின்னதாக இருக்கும்போது ஆயிரம் துண்டுகளில் ஒன்றுகூட அதனுடையதாக இருக்காது. கையிலிருந்து எடுக்கும் இரண்டு குழாய் ரத்தத்தில் அந்த ஒன்று சிக்காமலே போகலாம்.

அக்கா எடுத்தது எந்தச் சோதனை என்று கடிதத்தில் இல்லை. இந்த வகையில் அதிகம் ஆராயப்பட்டது அமெரிக்காவின் ‘கேலரி’. 2021-இல் வெளியான அதன் ஆய்வில், முதல் கட்டப் புற்றுநோய் இருந்த 100 பேரில் ஏறத்தாழ 17 பேரைத்தான் அது பிடித்தது. இரண்டாம் கட்டத்தில் 40, மூன்றாவதில் 77, நான்காவதில் 90. எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் பிழைக்க வாய்ப்பு அதிகமோ, அங்கேதான் அதன் கண் மங்கல்.

2023-இல் வெளியான ‘பாத்ஃபைண்டர்’ ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்கிறது. 50 வயதுக்கு மேற்பட்ட 6,621 பேரைக் கேலரியால் சோதித்தார்கள். 92 பேருக்கு ‘சந்தேகம்’ என்று வந்தது. மேற்கொண்டு பார்த்ததில் 35 பேருக்குத்தான் புற்றுநோய். மற்ற 57 பேருக்கு ஸ்கேன், மருத்துவர் என்று அலைச்சல்தான் மிச்சம். ஓராண்டுக்குள் அந்த 6,621 பேரில் மொத்தம் 121 பேருக்குப் புற்றுநோய் தெரியவந்தது. ரத்தச் சோதனை தவறவிட்ட 86 பேரில் 38 பேரைக் காட்டிக்கொடுத்தவை மார்பக எக்ஸ்ரே போன்ற வழக்கமான சோதனைகளே. அக்கா வேண்டாம் என்று ஒதுக்குவது அவற்றைத்தான்.

குடல் புற்றுநோய்க்கு மட்டும் தனியாக ஒரு ரத்தச் சோதனை உண்டு. ‘ஷீல்ட்’ என்ற அதற்கு 2024 ஜூலையில் அமெரிக்கா அனுமதி தந்தது. புற்றுநோயாகவே இருந்தால் 83 விழுக்காடு பிடிக்கிறது. குடலின் உட்சுவரில் வளர்ந்து பின்னாளில் புற்றாக மாறக்கூடிய பெரிய தசைமொட்டுகளில் 13 விழுக்காடுதான். வேறோர் ஆய்வில் ஃபிட் எனப்படும் மலச் சோதனை, புற்றுநோயில் 74 விழுக்காட்டையும் அத்தகைய தசைமொட்டுகளில் 24 விழுக்காட்டையும் பிடித்தது. தசைமொட்டிலேயே பிடித்துவிட்டால் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் அதை வெட்டி எடுத்துவிடலாம், புற்று வரவே வராது. அதனால் 50 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் ஃபிட், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பக எக்ஸ்ரே, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கருப்பைவாய்க்கான எச்பிவி கிருமிச் சோதனை. இவற்றை முடித்த பிறகும் கையில் பணமும் மனத்தில் தெம்பும் இருந்தால் அந்த ரத்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

செய்வதாக இருந்தால் மூன்று விஷயங்களை முன்பே கேட்டுவிடுங்கள். ‘சந்தேகம்’ என்று வந்தால் அடுத்த ஸ்கேனுக்கு யார் பொறுப்பு, யார் செலவு? இந்தச் சோதனையை நலமானவர்களிடம் செய்து பார்த்திருக்கிறார்களா, நோய் தெரிந்தவர்களிடம் மட்டுமா? ரத்தத்தை எந்தக் குழாயில் எடுக்கிறார்கள்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். சாதாரண ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். தாமதித்தால் குழாய்க்குள்ளேயே வெள்ளை அணுக்கள் உடைந்து தங்கள் டிஎன்ஏவைக் கொட்டும். தேடுகிற துண்டு அந்த வெள்ளத்தில் கரைந்துபோகும். வெளிநாட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவதென்றால் செல்கள் உடையாமல் காக்கும் தனிக் குழாய் தேவை. எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து, அறை வெப்பத்தில் வைத்து அனுப்ப வேண்டும். உறைய விடக் கூடாது.

வீட்டுக்காரரின் நிறுவனம் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையில் சிஇஏ 6.1 என்று சிவப்பில் வந்திருக்கிறது. 5-க்குள் இருக்க வேண்டுமாம். குடல் புற்றுநோயா? மனிதர் தினமும் சிகரெட் பிடிப்பவர்.
வாசகி, செங்காங்

உங்கள் கடைசி வாக்கியத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. சிஇஏ என்பது சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். புகைப்பவர்களுக்கு அது சற்றுக் கூடுதலாகவே இருக்கும், 6.1 அவர்களிடம் அபூர்வமில்லை. கல்லீரல் நோய், குடல் அழற்சி, நுரையீரல் தொற்று ஆகியவையும் அதை ஏற்றும். மறுபுறம், ஆரம்பக் குடல் புற்றுநோய் உள்ள பலருக்கு சிஇஏ ஏறுவதே இல்லை. இந்தக் குறி பயன்படும் இடம் வேறு. குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவருக்கு நோய் திரும்புகிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பதற்கு நல்ல துணை.

நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, அதே சோதனைக்கூடத்தில் மறுபடி பாருங்கள். கூடம் மாறினால் கருவி மாறும், கருவி மாறினால் எண்ணும் மாறும்; பிறகு ஏறியதா இறங்கியதா என்றே சொல்ல முடியாது. எண் அப்படியே நின்றால் பெரும்பாலும் புகைதான். ஏறிக்கொண்டே போனாலோ, மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, மலப் போக்கில் மாற்றம் இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். எண் என்னவானாலும் 50 தாண்டியவர் என்றால் ஃபிட் சோதனை உண்டு.

இதே போன்ற தொகுப்புகளில் வரும் மற்றக் குறிகளையும் சொல்லிவிடுகிறோம். சூலகப் புற்றுக்கான சிஏ 125 மாதவிலக்கின்போதும், கருப்பையின் உட்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் ஏறும். கணையப் புற்றுக்கான சிஏ 19-9 வேடிக்கையானது: ரத்தவகையில் லூயிஸ் குறி இல்லாத 5 முதல் 10 விழுக்காட்டினருக்குக் கணையப் புற்று முற்றினால்கூட அது ஏறாது, உடம்பால் அதைச் செய்யவே முடியாது. புரோஸ்டேட் புற்றுக்கான பிஎஸ்ஏ சிறுநீர்த் தொற்றில் எகிறும். தொற்று தீர்ந்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும். புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைட் மாத்திரை எடுப்பவரிடம் அது ஏறக்குறையப் பாதியாக இறங்கிக் காட்டும். மருத்துவரிடம் மாத்திரையைச் சொல்லாமல் விட்டால் உண்மையான ஏற்றம் மறைந்துவிடும். கல்லீரல் புற்றுக்கான ஏஎஃப்பிக்கு மட்டும் தெளிவான வேலை உண்டு. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அல்ட்ராசவுண்டுடன் சேர்த்து.

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இந்தத் தொகுப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்போம்.

சென்னையில் எடுத்தபோது எச்பிஏ1சி 6.6, வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. நீரிழிவு என்று மருந்தே எழுதிவிட்டார்கள். இங்கே பலதுறை மருந்தகத்தில் ‘இன்னும் பார்க்க வேண்டும்’ என்கிறார்கள். யாரை நம்புவது? அலகும் புரியவில்லை.
வாசகர், உட்லண்ட்ஸ்

முதலில் அலகு. இந்தியாவில் மில்லிகிராம், இங்கே மில்லிமோல். சர்க்கரையை 18-ஆல் வகுங்கள்: 118 என்பது 6.6. கொழுப்பை, அதாவது எல்டிஎல், எச்டிஎல், மொத்தம் மூன்றையும், 38.7-ஆல் வகுக்க வேண்டும். அங்கே எல்டிஎல் 130 என்றால் இங்கே 3.4. டிரைகிளிசரைடுக்கு மட்டும் வகு எண் 88.6. பலர் இதையும் 38.7-ஆல் வகுத்துவிட்டுத் தலையில் கைவைக்கிறார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எதிர்த்திசை: அங்கே 1.0 என்பதை 88.4-ஆல் பெருக்கினால் இங்கே 88 மைக்ரோமோல். ஊரில் 1 என்றவர்கள் இங்கே 88 என்கிறார்களே, சிறுநீரகம் போய்விட்டதா என்று பதறியவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதான்.

அடுத்து எல்லைக்கோடு. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு என்பது உலக அளவில் பலர் பின்பற்றும் கோடு. சிங்கப்பூரில் 2019-இல் வந்த வழிகாட்டுதல் வேறு: 6.0 வரை நீரிழிவு இல்லை, 7.0-இலிருந்து நீரிழிவு, 6.1 முதல் 6.9 வரை சாம்பல் நிறப் பகுதி, அங்கே வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க வேண்டும். அதுவும் 6.1 முதல் 6.9 மில்லிமோலுக்குள் வந்தால் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை. உங்களுடைய இரண்டு எண்களும் அந்த இடைவெளியில்தான் விழுகின்றன. ஆகவே சென்னை மருத்துவரும் தவறில்லை, இங்குள்ளவரும் தவறில்லை. குளுக்கோஸ் சோதனையைச் செய்து முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தொடங்கிய மாத்திரையை இங்குள்ள மருத்துவரிடம் காட்டாமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரை. அணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்ற கணக்கில்தான் அது மூன்று மாதச் சராசரியாகிறது. அந்தக் கணக்கு குலைந்தால் எண்ணும் குலையும். இரும்புச்சத்துக் குறைவில் பொய்யாக ஏறும். ரத்தம் இழந்தாலோ, ரத்தம் ஏற்றிக்கொண்டாலோ, அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் இருந்தாலோ பொய்யாக இறங்கும். தலசீமியா, ஹீமோகுளோபின் ஈ போன்ற பரம்பரை ரத்தக் குறைகள் உள்ளவர்களுக்கும் எண் ஏமாற்றலாம். அவர்களுக்கு நேரடிச் சர்க்கரையே நம்பகமானது.

அப்பாவுக்குப் பொட்டாசியம் 6.2 என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே எடுத்தால் 4.3. எப்படி இப்படி?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

இரண்டு ரத்தமும் அப்பாவுடையதுதான். எடுத்த விதத்தில் ஏதோ நடந்திருக்கிறது. பொட்டாசியத்தில் பெரும்பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணு உடைந்து உள்ளிருப்பது வெளியே கொட்டும். சுழற்றிப் பிரித்த பிறகு மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் ரோஜா நிறத்தில் இருந்தால் இதுதான் காரணம். அறிக்கையின் அடியில் ‘ஹீமோலைசிஸ்’ என்று குறிப்பிருக்கும், தேடிப் பாருங்கள். பட்டையைக் கட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டாலும், கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலும் ஏறும்.

நிறம் ரோஜாவாக இல்லாமலே ஏமாற்றும் வழியும் ஒன்றுண்டு. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாதிருக்கப் பொட்டாசியம் கலந்த இடிடிஏ உப்பு பூசியிருக்கும். அதனால்தான் குழாய்களுக்கு வரிசை வைத்திருக்கிறார்கள்: வெளிர்நீலம், பிறகு மஞ்சள் அல்லது சிவப்பு, பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதாவை முதலில் நிரப்பி, அதே ஊசியோடு மஞ்சளுக்குப் போனால், அல்லது ஊதாவில் அதிகமாகிவிட்டது என்று கொஞ்சத்தை மஞ்சளில் ஊற்றினால், உப்பும் கூடவே போகும். அப்போது பொட்டாசியம் ஏறும், கால்சியம் காரணமே இல்லாமல் பாதாளத்துக்கு இறங்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் அனுபவமுள்ள தொழில்நுட்பர் முதலில் குழாயைத்தான் சந்தேகிப்பார்.

அதே வரிசையில் சாம்பல் மூடி சர்க்கரைக்கானது. ரத்தம் குழாயில் நின்றாலும் அணுக்கள் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு. சாம்பல் குழாயில் உள்ள ஃபுளோரைடு அதைத் தடுக்கிறது, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அவ்வளவு திறமையாக இல்லாவிட்டாலும்.

இரவில் கூப்பிட்டது சரியே. உண்மையான 6.2 இதயத் துடிப்பைக் குலைக்கும். பொய்யா மெய்யா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது.

மாமியாருக்கு 74 வயது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின். மறதி நோய்க்கு ரத்தச் சோதனை வந்துவிட்டதாமே? அப்படியே 47 வயதான நானும் எடுத்துக்கொள்ளலாமா?
வாசகி, அங் மோ கியோ

வந்துவிட்டது. மறதி நோய்களில் ஒன்றான அல்சைமரில் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. அதையொட்டி டாவ் என்ற புரதத்தின் ஒரு வடிவம், பி-டாவ் 217, ரத்தத்தில் கூடுகிறது. அமிலாய்டு துண்டுக்கும் அதற்கும் உள்ள விகிதத்தை அளக்கும் ஒரு சோதனைக்கு அமெரிக்கா 2025 மே மாதம் அனுமதி தந்தது. 499 பேரின் மாதிரிகளில் பார்த்தபோது, ‘உண்டு’ என்று வந்தவர்களில் 91.7 விழுக்காட்டினருக்கு ஸ்கேனிலோ தண்டுவட நீரிலோ அமிலாய்டு உறுதியானது. ‘இல்லை’ என்று வந்தவர்களில் 97.3 விழுக்காட்டினருக்கு இல்லை. ஐந்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கு இரண்டுமில்லாத நடுப்பகுதியில் விடை வந்தது.

அந்த அனுமதி 55 வயதுக்கு மேற்பட்ட, ஏற்கெனவே மறதி தெரிகிற, நிபுணரிடம் காட்டுகிறவர்களுக்கு. உங்களுக்கு அது இல்லை. அமிலாய்டு, அறிகுறிக்குப் பதினைந்து இருபது ஆண்டு முன்பே படியத் தொடங்கலாம். படிந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள். 47 வயதில் ‘உண்டு’ என்று ஒரு தாள் வந்தால் அதை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை.

மாமியாருக்கும் அது முதல் படி இல்லை. மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுத்தால் பி12 வைட்டமின் குறையும். பி12 குறைவு மறதியாகவே காட்டும், ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகக்கூடியது. எனவே முதலில் பி12, தைராய்டு, சோடியம், கால்சியம், ரத்த அணு எண்ணிக்கை. கூடவே காது கேட்கிறதா, மனச்சோர்வா, தூக்க மாத்திரை எடுக்கிறாரா என்பதும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவைக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு பி-டாவ் வெளியேறாமல் தேங்கி எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும், நீண்ட நாள் நீரிழிவுக்காரர்களுக்கு அதற்கு வாய்ப்பு அதிகம். இவ்வளவுக்கும் பிறகு நினைவாற்றல் மருந்தகத்தில் மருத்துவர் கேட்டால் புதிய சோதனையைச் செய்யலாம்.

தைராய்டு அறிக்கை சுரப்பு அதிகம் என்கிறது. ஆனால் எனக்குப் படபடப்பு, எடைக் குறைவு எதுவுமே இல்லையே?
வாசகி, தெம்பனிஸ்

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரை எதையாவது எடுக்கிறீர்களா? அதில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதும். அந்த மாத்திரைகளில் 5,000, 10,000 என்று அடைத்திருப்பார்கள். பல சோதனைக் கருவிகள் பயோட்டினையே பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது நிறைய மிதந்தால் பசை இடம் மாறி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், தைராய்டு சுரக்கும் டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். தாளில் அச்சு அசல் தைராய்டு மிகைச் சுரப்பு. மாரடைப்பைக் காட்டும் டிரோப்போனினையும் சில கருவிகளில் இது குறைத்துக் காட்டுவதால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. குறைந்தது இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். ரத்தம் எடுக்கும் தாதியிடமும் சொல்லுங்கள்.

இதயத்துக்கு ‘லிப்போபுரோட்டீன் ஏ’ பார்க்கச் சொல்கிறார்கள். எத்தனை முறை?
வாசகர், புக்கிட் பாத்தோக்

வாழ்நாளில் ஒருமுறை போதும். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் இந்தத் துகள் எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் மரபணு தீர்மானிக்கிறது. சாப்பாட்டாலோ நடையாலோ அசையாது. லிட்டருக்கு 125 நானோமோல், அல்லது டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம், இவற்றைத் தாண்டினால் அதிகம். இந்த இரு அலகுகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெருக்கி மாற்றக் கூடாது. அதிலுள்ள புரதத்தின் பருமன் ஆளுக்கு ஆள் வேறு. தெற்காசியர்களிடம் ஐரோப்பியர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால், நம் குடும்பங்களில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் இந்தச் செலவு தகும்.

காய்ச்சல் ஆறாம் நாள். டெங்கி என்எஸ்1 ‘இல்லை’ என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?
வாசகர், கேலாங்

இருக்க முடியாது. டெங்கிக் கிருமியின் புரதமான என்எஸ்1 முதல் நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்தாம் நாள் வரை நன்றாகத் தெரியும், பிறகு மறையத் தொடங்கும். முன்பே ஒருமுறை டெங்கி வந்தவருக்கு இன்னும் சீக்கிரம் மறையும். ஆறாம் நாளில் பார்க்க வேண்டியது கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஐஜிஎம்; அதோடு தட்டணுவும், ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கைச் சொல்லும் ஹீமாட்டோக்கிரிட்டும். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். இபுபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம்; பாரசிட்டமால் மட்டும்.

வெறும் வயிற்றுச் சோதனைக்கு முன் கோப்பி ஓ கோசோங் குடிக்கலாமா? சர்க்கரையும் பாலும் இல்லையே!
வாசகர், தேக்கா

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கூடாது. காஃபீன் சர்க்கரை அளவை அசைக்கும். எட்டு முதல் பத்து மணி நேரம் பச்சைத்தண்ணீர் மட்டும், அதைத் தாராளமாகக் குடிக்கலாம். உடலில் நீர் இருந்தால் ஊசி குத்த ரத்தக்குழாயும் எளிதில் கிடைக்கும். கொழுப்புச் சோதனை மட்டும் என்றால் பல நேரம் பட்டினியே தேவையில்லை, ஆனால் டிரைகிளிசரைடு 4.5 மில்லிமோலைத் தாண்டினால் எல்டிஎல் கணக்கு பிசகும், மறுபடி வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். சாதாரண சோதனை என்றால் ஊசி எடுத்த கையோடு கீழே கோப்பிக்கடைக்குப் போகலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்த சோதனை என்றால் மட்டும் இரண்டாவது ஊசி வரை அந்த இரண்டு மணி நேரமும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்: சாப்பாடு இல்லை, சிகரெட் இல்லை, கடைத்தொகுதியில் ஒரு சுற்று நடையும் இல்லை.